இரண்டாம் கிளாஸில் தீக்குச்சி வாசனை

அந்த வீட்டில் நான்கு நாளாக அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணி வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். உப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தியே அண்ணிக்குக் கை வலித்துவிட்டது.

சண்டை எதற்கென்று நமக்குத் தெரியும். வேறு ஊரில் ஒரு பெரிய விஸ்கி கம்பெனி தங்கையை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவள் கணவன் மூன்று வருஷமாக அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறான். மாதக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்று அவள் சொன்னாள். "போறவங்க போகலாம்" என்றான் அண்ணன். அத்தோடு பேச்சு நின்றது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது விஸ்கி வீடு. குடித்துக் கவிழ்கிற வீடென்று நினைத்துவிடாதீர்கள்; இங்கே முகர்வார்கள், ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்புவார்கள், எழுதிவைப்பார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாய்க்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, பீப்பாயோடு வாங்கி, அங்கேயே பாட்டிலில் அடைத்து, அப்பாவின் பெயர் போட்ட லேபிளோடு வரவழைத்து விற்பது தொழில். மாடியில் குடித்தனம், கீழே ஆபீஸ்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது வாங்கலாமா வேண்டாமா என்று கடைசியில் கையெழுத்துப் போடுகிறவன் அண்ணன். அவனுக்கு அடுத்த மூக்கு தங்கை. நாற்பத்துமூன்று வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். கடிதம், கிடங்கு, சரக்கு, டெலிபோன் எல்லாம் அண்ணியின் பாடு.

அன்றைக்கு ருசி பார்க்கும் நாள். ருசி பார்க்கும் நாளில் காலையிலிருந்து வெங்காயம் நறுக்கக் கூடாது, வாசனை சோப்பு போடக் கூடாது, முட்டை தொடக் கூடாது. சின்னவளுக்கு இது பல் தேய்ப்பது போலப் பழகிப்போன விஷயம். ஆனால் நான்கு நாள் கோபத்தில் தேதி மறந்துவிட்டது. மகளின் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு இரண்டு வெந்த முட்டையை உரித்து வைத்த பிறகுதான் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் அவள் விரல்களையே பார்ப்பது தெரிந்தது. அவன் எழுந்து கீழே போய்விட்டான். சின்னவள் மூன்று தடவை கை கழுவினாள்.

பத்து மணிக்கு முன்னறையில் மூவரும் கூடினார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை விரிப்பு, ஜன்னல் மூடியிருந்தது. பீப்பாய்த் தரகர் அனுப்பிய மாதிரிப் பாட்டில் முந்தின நாள் வந்திருந்தது: பதினான்கு வருஷம், ஷெர்ரி பீப்பாய். மாலை நாலு மணிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று தரகர் கறாராக எழுதியிருந்தார்.

ஷெர்ரி என்பது ஒரு திராட்சை மது. அது ஊறிய பீப்பாயில் விஸ்கியைப் போட்டுவைத்தால் உலர்திராட்சையும் அத்திப்பழமும் கிராம்பும் சேர்ந்த மணம் ஏறும், நிறமும் நன்றாகக் கறுக்கும். அந்தக் கறுத்த நிறத்தைப் பார்த்தே பாதிப் பேர் மயங்கிவிடுவார்கள். அதனால் இந்த வீட்டில் கருநீலக் கிளாஸில் ஊற்றுவதுதான் வழக்கம்.

ஊற்றுகிறவள் அண்ணி. ஒன்றில் புது மாதிரி, மற்ற இரண்டில் முன்பே விற்றுத் தீர்ந்த நல்ல பீப்பாய்களின் மிச்சம். எது எதிலென்று அண்ணிக்கு மட்டும் தெரியும். மூன்றுக்கும் எண் ஒட்டி, கண்ணாடி மூடி போட்டு வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள்.

இன்னொரு வழக்கம் அப்பா ஏற்படுத்தியது. எழுதி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. எழுதியதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு சின்னவர் முதலில் படிக்க வேண்டும், பெரியவர் அப்புறம். பெரியவர் முதலில் படித்தால் சின்னவர்கள் பயந்துகொண்டு ஆமாம் போட்டுவிடுவார்கள் என்பது அப்பா சொன்ன காரணம்.

சின்னவள் முதல் கிளாஸின் மூடியை எடுத்தாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தாள். வால்நட், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். தெரிந்த முகம். எழுதினாள்.

இரண்டாவது கிளாஸில் முதலில் நல்ல கொழுத்த உலர்திராட்சை வந்தது. அதன் பின்னால் அத்திப்பழம், காப்பிக் கசப்பு. ஆஹா என்று நினைக்கும்போதே அதற்கும் பின்னாலிருந்து வந்தது அது. அப்போதுதான் கிழித்த தீக்குச்சி. மணம் இன்னும் விரிய நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடி, ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி முகர்ந்தாள். தீக்குச்சி போகவில்லை, கூடவே சூடான ரப்பரும் வந்து சேர்ந்தது. வாயில் வைத்தால் நாக்கின் ஓரத்தில் ஒரு கறை மாதிரி நின்றது.

கந்தகம். காலிப் பீப்பாய் கெட்டுப்போகாமலிருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள். சில பீப்பாயில் அது போகவே போகாது. பதினான்கு வருஷம் ஆனாலும் விஸ்கியோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கும். "2: கந்தகம். வேண்டாம்" என்று எழுதிவிட்டு மூன்றாவதற்குப் போனாள். அது சுத்தமாக இருந்தது.

அண்ணன் எழுதி முடித்துப் பேனாவை மூடினான். நான்கு நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினான்.

"இன்னிக்கு நான் முதல்ல படிக்கிறேன். அடுத்த மாசத்துலேருந்து நான்தானே தனியா படிக்கணும்."

படிக்கிற வரிசை மாறினால் ஆபத்து என்று சின்னவளுக்குத் தெரியும். ஏனென்றால் பன்னிரண்டு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. அண்ணனின் மூக்குக்குக் கந்தகம் தெரியாது.

சிலர் கண்ணுக்குச் சில நிறம் தெரியாத மாதிரி சிலர் மூக்குக்கு இது தெரியாது. மற்றதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. பீப்பாய் எந்த மரம், எத்தனை வருஷம், கிடங்கில் ஈரம் அதிகமா குறைவா என்று முகர்ந்தே சொல்லுவான்; அந்தத் தொழிலில் அவனைத் தலையில் தூக்கிவைத்துப் பேசுகிறவர்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். இது ஒன்று மட்டும் அவனுக்கு வராது. சின்னவள் முதலில் படிப்பாள். கந்தகம் என்று அவள் சொன்னதும், அண்ணன் தாளைப் புரட்டும்போதே அடியில் அந்த வார்த்தையையும் சேர்த்து எழுதிவிடுவான். அந்த ஒரு வரி மட்டும் எப்போதும் அவசரக் கையெழுத்தாக இருக்கும். அவள் கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். அண்ணன் ஆயிற்றே.

அண்ணன் படித்தான். நிதானமாக, அழகாகப் படித்தான். ஒன்று நமக்குத் தெரிந்த பீப்பாய், மூன்றும் தெரிந்தது, இரண்டுதான் புதுசு என்று சரியாகச் சொன்னான். இரண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான். உலர்திராட்சை, அத்தி, கடைசியில் வரும் காப்பிக் கசப்பு, எல்லாம் இருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டிருந்தான். "உடனே எடுத்துக்கலாம்" என்று முடித்தான்.

கந்தகம் இல்லை.

இப்போது அவள் முறை. தாள் கையில் கனத்தது. இதைப் படித்தால் அண்ணனின் பேர் போகும். படிக்காவிட்டால் ஐந்நூற்றறுபது பாட்டிலில் தீக்குச்சி வாசனை கடைக்குப் போகும், அதன் மேல் அப்பாவின் பெயர் ஒட்டியிருக்கும். அடுத்த மாதம் அவள் இங்கே இருக்கவும் போவதில்லை.

அந்த நேரத்தில்தான் முட்டை நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும் ஒரு நிம்மதி வந்தது, அதைச் சொல்லவே அவளுக்குப் பிற்பாடு வெட்கமாக இருந்தது. வெந்த முட்டையின் வாசனையும் கந்தகமும் நெருங்கிய சொந்தம். காலையில் முட்டை உரித்தேன், கையில் இருந்த வாசனைதான் கிளாஸில் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் மூக்கறுபடாது. அவளே கிட்டத்தட்ட நம்பிவிட்டாள்.

ஆனால் அதே கையால்தான் ஒன்றையும் மூன்றையும் எடுத்தாள். அதிலெல்லாம் முட்டையும் இல்லை, குச்சியும் இல்லை. சின்னவள் படித்தாள்.

"ரெண்டு. தீக்குச்சி, ரப்பர். கந்தகம். வேண்டாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தான். காலையில் முட்டை உரித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான். அவள் ஒன்றையும் மூன்றையும் காட்டினாள். அதற்கும் பதில் வைத்திருந்தான்.

"நீ எங்கேயும் அதையேதான் தேடுறே. போறதுக்கு முன்னாடி நீ இல்லேன்னா இங்க எதுவும் நடக்காதுன்னு காட்டணும், அவ்வளவுதான்."

இது அவளைச் சுட்டது. வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். பன்னிரண்டு வருஷத்துத் தாள்களும் பக்கத்து அலமாரியில்தான் இருக்கின்றன. அவள் அலமாரிப் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

"மூணாவது மூக்கு ஒண்ணு வேணும் அண்ணி."

அண்ணி கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றாள். "என் மூக்கா? இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஊத்தி வை, கழுவி வைன்னுதான் சொல்லியிருக்கீங்க. மோந்து பாருன்னு ஒருத்தரும் சொன்னதில்லை."

உண்மைதான். அண்ணி குடிக்க மாட்டாள், அந்த வாசனையே அவளுக்கு ஆகாது. அதனால் அவளுக்கு மூக்கே இல்லை என்று இந்தக் குடும்பம் முடிவு கட்டியிருந்தது.

அண்ணியை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, சின்னவள் மூன்று புதுக் கிளாஸில் மூன்றையும் ஊற்றினாள். கிளாஸைத் தொட்டு அடியில் எண் ஒட்டி, இடம் மாற்றி வைத்தது அண்ணன், முட்டைக் கை படக் கூடாது என்று. என்ன தேடவேண்டும் என்று இருவரும் அண்ணியிடம் சொல்லவில்லை. வித்தியாசமாக ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லச் சொன்னார்கள்.

அண்ணி மூக்கைச் சுளித்துக்கொண்டே குனிந்தாள். ஒன்று. இன்னொன்று. மூன்றாவதில் பின்வாங்கினாள்.

"மூணுமே எனக்குக் குமட்டுது. ஆனா இதுல மட்டும், அடுப்புப் பத்தவைக்கக் குச்சி கிழிச்ச உடனே மூக்குல ஏறுமே, அது ஏறுது."

அண்ணன் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தான். இரண்டு.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டான். முகர்ந்தான். மூடினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தான். தண்ணீர் விட்டுப் பார்த்தான். கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அண்ணி ஒன்றும் புரியாமல் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு வரலை" என்றான்.

"சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்லை. இது எனக்கு எப்பவுமே வந்ததில்லை." பிறகு தங்கையைப் பார்த்து, "உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும் அண்ணா."

"எப்பலேருந்து?"

"அப்பா இருக்கும்போதே."

அண்ணன் தலையை ஆட்டினான். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது என்றான். சின்னவள் நிமிர்ந்தாள், இது அவளுக்கே புதுச் செய்தி. அவள் தொழிலில் சேர்வதற்கு முன்னால் இந்த வீட்டில் பெரியவர்தான் முதலில் படிப்பாராம், அதாவது அப்பா, அவருக்குப் பிறகு இவன். அப்பா கண்ணில் புரை விழுந்து, அத்தோடு மூக்கும் மங்கிவிட்டது என்று ஒதுங்கப் பார்த்த வருஷம்தான் அவள் சேர்ந்தாள். சின்னவள் சேர்ந்த மறுவாரமே அப்பா வழக்கத்தை மாற்றினார்.

"சின்னவங்க பயப்படக் கூடாதுன்னு சொன்னாரே. அது உனக்காகச் சொன்னதுன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான் அண்ணன். "எனக்காகத்தான் செஞ்சிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. உன்கிட்டயும் சொல்லலை."

சின்னவளுக்கு அழுகை வந்தது. அண்ணனை நினைத்தா, அப்பாவை நினைத்தா, பன்னிரண்டு வருஷம் பூசி மெழுகிய தன்னை நினைத்தா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேலை நேரத்தில் அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று பழக்கதோஷத்தில் அடக்கிக்கொண்டாள். இன்றைக்கு எதற்காக முறையை மாற்றினாய் என்று மட்டும் கேட்டாள்.

"தனியா முடியுமான்னு பார்க்கத்தான்" என்றான். "நீ போகக் கூடாதுன்னு நான் கோவிச்சுக்கிட்டதா நினைச்சே. எனக்குப் பயம்."

அண்ணி ரசீதுப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் மூக்கில் என்ன இல்லை என்று தனக்குத் தெரியவில்லையே என்ற கோபம் அவளுக்கு. ஆனால் அதை இரவுக்கு ஒத்திப்போட்டாள். அண்ணிக்கு எதற்கும் ஒரு நேரம் உண்டு.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பை மட்டும் அண்ணன் நேராகவே தங்கையிடம் கேட்டான்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தரகருக்கு அண்ணன் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான். பீப்பாய் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்று சின்னவள் ஜாடை காட்டினாள். அவன் கவனிக்காதது போல இருந்தான்.

அதில் கந்தகம் இருக்கிறது என்று தரகரிடம் சொன்னான். "நான் கண்டுபிடிக்கலை. என்னால முடியாது. கண்டுபிடிச்சது என் தங்கை, அப்புறம் என் வீட்டுக்காரி."

அந்தத் தொழிலில் இப்படி ஒருவன் வாய்விட்டுச் சொன்னதாகச் சின்னவள் கேள்விப்பட்டதே இல்லை. நாளைக்குள் நாலு நாட்டுக்கும் தெரிந்துவிடும். அண்ணன் முகத்தில் சுமை இறங்கினாற்போல ஒரு தெளிவு வந்தது. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, எழுந்துபோய் அவன் தோளைத் தொடவேண்டும் போலவும் இருந்தது.

தரகர் நல்ல மனுஷர், பழகியவர். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வருஷ ஆரம்பத்தில் உங்கள் தங்கை ஆபரேஷனுக்காக ஆறு வாரம் லீவில் இருந்தாரே, அப்போது நீங்கள் தனியாக ருசி பார்த்து ஒரு ஷெர்ரி பீப்பாய் எடுத்தீர்கள். அதை வேறு யாராவது முகர்ந்தார்களா?

அண்ணன் போனை வைத்தான்.

அந்தப் பீப்பாய் பாட்டிலாகி வந்து பத்து நாள் ஆகிறது. பக்கத்து அறையில் அட்டைப்பெட்டிகளாக அடுக்கியிருந்தது. அப்பா தொழில் தொடங்கி முப்பதாவது வருஷம் என்று தங்க எழுத்தில் லேபிள் அடித்திருந்தார்கள். திங்கட்கிழமை கடைகளுக்குப் போகிறது என்று அண்ணி மெல்லச் சொன்னாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்.

சின்னவள் எழுந்தாள். "ஒண்ணு திற அண்ணா. பார்த்துடலாம்."

"வேண்டாம்" என்றான் அவன். கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "அது கெட்டுப்போயிருந்தா நீ கிளம்ப மாட்டே. உன்னை எனக்குத் தெரியும். டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு இங்கயே உட்கார்ந்துடுவே. மூணு வருஷமா உன் வீட்டுக்காரன் அங்க தனியா சமைச்சுச் சாப்பிடுறான்."

"தெரியாமலே போகச் சொல்றியா?"

"ஆமா."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கெட்டுப்போயிருந்தால் அவள் போக மாட்டாள். பார்க்காமல் போனால் அங்கே ஒருநாள்கூட நிம்மதியாக முகர மாட்டாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், அண்ணி கணவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். பெட்டி கிழிபடும் சத்தம் கேட்டது. ஒரு பாட்டிலோடு வந்து மேஜையில் வைத்து, தக்கையை முறுக்கி எடுத்து, மூன்று நீலக் கிளாஸில் ஊற்றினாள். இவர்கள் இருவரையும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து மூக்கைச் சுளிக்காமல் முகர்ந்தாள். மூடி வைத்தாள். மறுபடி முகர்ந்தாள். நான்கு சொட்டுத் தண்ணீர் விடுவதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

அண்ணி ஒரு தாளை இழுத்து, ஒரே ஒரு வரி எழுதி, கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

"உட்காருங்க" என்றாள். "இப்ப நீங்க ரெண்டு பேரும் எழுதுங்க."